ஒன்பதுக்கும் இருபத்தாறுக்கும் நடுவே

விருத்தாசலம்,
11 பிப்ரவரி 2007

அன்புக்கரசிக்கு,

கொளஞ்சியம்மாள் எழுதுவது. நான் நலம், முழங்கால் நலமில்லை. உன் நலத்தை உன் மருமகளின் கடிதங்களிலிருந்து அறிய முடியவில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் "அத்தை நன்றாக இருக்கிறார்கள்" என்று ஒரே வாக்கியத்தோடு முடித்துவிடுகிறாள். நன்றாக இருப்பவர்களைப் பற்றி யாரும் அவ்வளவு சுருக்கமாக எழுதுவதில்லை. நாக்பூரில் குளிர் விட்டதா என்பதையாவது அடுத்த கடிதத்தில் சேர்க்கச் சொல்.

பிள்ளைகளுக்கான உன் பயிற்சி மையத்தைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். அதன் மூன்றாண்டு அனுமதி மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. புதுப்பிக்கலாமா, மூடிவிடலாமா என்று ஆராய்ந்து அறிக்கை தரும் வேலையை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்ற முறையில் குழந்தைத் தொழிலாளர் திட்ட அலுவலகம் என்னிடம் கொடுத்திருக்கிறது. சிதம்பரத்தில் படித்தபோது நாம் இருவரும் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள் என்பதை மேற்பார்வையாளர் தெய்வநாயகத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "பரவால்லம்மா, இந்த ஊருல யாருக்கு யாரு சிநேகிதம் இல்ல? அதெல்லாம் பாத்தா ஃபைலே நவுராது" என்றார். ஆகவே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது.

படிவத்தில் பதினான்கு கேள்விகள். நான்காவது: இப்போது பயிலும் பிள்ளைகள் எத்தனை பேர்? இருபதுக்குக் குறைந்தால் அனுமதி கிடையாது. ஒன்பதாவது: முறையான பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? கூடக் கூடச் சிறப்பு. பள்ளியை விட்டு நின்று, பீங்கான் பொம்மைக்குக் கண்ணும் புருவமும் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை அழைத்து வந்து, ஓராண்டு பழக்கி, மீண்டும் பள்ளியில் சேர்த்துவிடுவதற்காகத்தான் நீ அந்த மையத்தைத் தொடங்கினாய். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் மையம் காலியாகும், காலியானால் மூடப்படும். செய்யாமல் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டால் நீடூழி வாழும். இந்தப் படிவத்தை வகுத்தவர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று விசாரிக்க வேண்டும்.

சென்ற மாதம் முப்பதாம் தேதி, முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போனேன். உன் ஆசிரியை வேம்பு புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால், அந்தச் சுவரைவிட வெளிறிப்போய் நின்றாள். நீ நோய்ப்பட்டு மகன் வீட்டுக்குப் போன பிறகு ஆறு மாதமாக ஒற்றை ஆளாக நடத்துகிறாள். அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். பதிவேட்டில் ஒன்பது பேர், எதிரே ஒன்பது பேர். மூன்றாண்டுகளில் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள் முப்பத்தொருவர். எல்லாம் சரியாக இருந்தது. கரும்பலகையில் மட்டும் மூன்று வெவ்வேறு தரத்தில் கணக்குகள் எழுதியிருந்தன. ஒன்பது பேருக்கு இத்தனை எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, முன் வரிசையில் இருந்த, நம் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்துப் பெண், யுவஸ்ரீ என்று பெயர், தானாகவே விளக்கம் தந்தாள். "மத்தவங்கள்லாம் இன்னிக்கு ஸ்கூலுக்குப் போயிருக்காங்க டீச்சர். நீங்க வரீங்கன்னு."

நான் வருவதால் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள் என்ற செய்தியை நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் கேட்டதில்லை. அன்று படிவத்தை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை, யாருக்கும் சொல்லாமல், முதலில் அவர்களைச் சேர்த்திருந்த பள்ளிக்குப் போனேன். உன் முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் வருகை போட்டிருந்தது. பெஞ்சில் எண்ணினேன், பதினான்கு பேர். ஒரு வகுப்பில் அறுபத்தெட்டுப் பேர் இருக்கும் இடத்தில் எண்ணுவது எளிதில்லை என்பதால் இரண்டாம் முறையும் எண்ணினேன். தலைமையாசிரியரைக் கேட்டதற்கு, "காலைல இருந்தாங்கம்மா" என்றார், மழையைப் பற்றிச் சொல்வதுபோல. அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேராக உன் மையத்துக்கு வந்தேன். இருபத்தாறு பேர். ஒன்பதைக் கழித்தால் பதினேழு. முப்பத்தொன்றில் பதினான்கைக் கழித்தாலும் பதினேழு. கணக்கு இம்மியும் பிசகாமல் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, கணக்கு சரியாக வந்ததற்காக வருத்தப்பட்டேன்.

வேம்பு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "ஆஜர் சொல்லிட்டு பின்பக்கமா வந்துடுதுங்க மேடம். நானும் கொண்டுபோயி கொண்டுபோயி வுட்டுட்டுதான் வந்தேன். எனக்கு முன்னாடி இங்க வந்து குந்திக்கினு இருக்குதுங்க. வாசல்ல நின்னு தொரத்தவா முடியும், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

பிறகு ஒரு நீல நோட்டை எடுத்து வந்து கொடுத்தாள். அட்டையில் "திரும்பி வந்தவர்கள்". உள்ளே பதினேழு பெயர்கள், வந்த தேதியோடு. கடைசி ஆறு வேம்புவின் எழுத்து. முதல் பதினொன்று யாருடைய எழுத்து என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பக்கத்தின் தலைப்பில் ஒரு குறிப்பும் இருந்தது: "ஏன் வந்தாய் என்று கேட்க வேண்டாம்."

அன்புக்கரசி, நீ தத்துவம் படித்தவள். கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதி வைத்தது நீதானா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, "எல்லாம் நல்லபடியாகப் போகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களின் தேதிகள் அவை.

நான் கேட்டேன். உன் குறிப்பு என்னைக் கட்டுப்படுத்தாது. அடிக்கிறார்களா, பெஞ்சு இல்லையா, பாடம் புரியவில்லையா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, என் அறியாமையைப் பொறுத்துக்கொண்டவள்போல, நிதானமாகச் சொன்னாள்: "அங்க டீச்சருக்கு நெறைய பேரு இருக்காங்க. இங்கதான் ஆளே இல்ல, மூடிடுவாங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தோம்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மையத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறார்கள். வந்ததே மையத்தின் தோல்விக்குச் சான்றாக நிற்கிறது. இதை எந்தக் கேள்வியின் கீழ் எழுதுவது?

பதினேழு பேரையும் சோதித்தேன். பதினொருவர் தடையின்றிப் படிக்கிறார்கள். ஆறு பேர் படிப்பதுபோல் உதட்டை அசைக்கிறார்கள். பள்ளியில் தங்கிவிட்ட பதினால்வரில் ஒருத்தி வகுப்பில் முதல் மாணவி. அவளும் நீ அனுப்பியவள்தான். இவர்கள் வந்தது சரி என்றால் அவள் வராதது என்ன? அவள் சரி என்றால் இவர்கள் என்ன? நான்கு நாட்களாக இதையே போட்டுப் பார்க்கிறேன். நீ வென்றாயா தோற்றாயா என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்காமல் இருந்து எனக்குப் பழக்கமும் இல்லை.

தெய்வநாயகத்திடம் யோசனை கேட்டது என் பிழை. "ஒம்போதுன்னு எழுதுனா மூடிடுவாங்கம்மா. இருவத்தாறுன்னு எழுதுனா, பொய்க் கணக்கு காட்டுனான்னு வேம்பு மேல விசாரணை வரும். பேசாம இருவதுன்னு எழுதிடுங்க, யாருக்கும் வம்பில்ல" என்றார். இருபது எவ்வாறு வந்தது என்று கேட்டேன். "மினிமம் அதாங்கம்மா" என்றார். இந்த விவகாரத்தில் குழப்பமில்லாத ஒரே மனிதர் அவர்தான்.

நேற்று அறிக்கையை எழுதி முடித்தேன். பதிவேட்டில் ஒன்பது, வகுப்பில் இருபத்தாறு, இரண்டையும் எழுதியிருக்கிறேன். நடுவே உள்ள பதினேழு பேருக்குத் தனித்தாள் ஒன்று இணைத்து, அந்தப் பெண் சொன்ன பதிலை அவள் சொன்னபடியே சேர்த்திருக்கிறேன். திருப்தி, திருப்தியின்மை என்ற இரண்டு கட்டங்களிலும் குறியிடவில்லை. அனுமதியை ஓராண்டு நீட்டித்து, அதற்குள் படிவத்தைத் திருத்தும்படி பரிந்துரைத்துள்ளேன். இதை அவர்கள் ஏற்பார்கள் என்று நான் நம்பவில்லை.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி அனுமதி பற்றிய விசாரணை. மையத்தைத் தொடங்கியவர் நேரில் வந்து விளக்கம் தரலாம். வராவிட்டால் பதிவேட்டில் உள்ள எண்ணே முடிவு என்பது விதி. ஒன்பது என்றால் கதவு பூட்டப்படும். வேம்புவை அனுப்பினால் குற்றவாளியாக நிறுத்துவார்கள். நான் மதிப்பிட்டவள்; உனக்காகப் பேச எனக்கு உரிமை இல்லை. நீதான் வர வேண்டும். உனக்குப் பேச்சு இன்னும் தெளியவில்லை என்று உன் மருமகள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். மெதுவாகப் பேசு. காத்திருக்கச் சொல்கிறேன்; அதிகாரிகளைக் காக்க வைப்பது எனக்குக் கைவந்த கலை. சென்னை சென்ட்ரலுக்கு ஆள் அனுப்பமாட்டேன். நானே வந்து நிற்பேன்.

உன் மகன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பான். கேட்கட்டும். மருத்துவர் கூடாது என்று சொன்னால், அதை மட்டும் எனக்கு எழுத வேண்டாம். இருபத்தெட்டாம் தேதி வரையில், நீ புறப்பட்டுவிட்டாய் என்றே நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்கு மருந்து சாப்பிடு. உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும்.

இங்ஙனம்,
உன்
கொளஞ்சியம்மாள்