கண்ணாடி பார்ப்பதற்கு முன்

ஏங்க,

முகம் கழுவுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். அதற்காகத்தான் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் சலூன் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் டிஷ்யூவில் சுற்றிய ஸ்டீராய்டு மாத்திரைகள். அப்படியென்றால் என் எதிரில் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததெல்லாம் நடிப்பா? பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

"நாள் பூரா கண்ணாடி முன்னாடி நிக்கிறேன், இந்த மாத்திரையால வீங்கின மூஞ்சி எனக்கே சகிக்கலை" என்று அன்றைக்குச் சொன்னீர்கள். சரி. ஊரார் முடியைப் படிப்படியாகக் குறைக்கத் தெரிந்தவருக்கு, மாத்திரையையும் அப்படித்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது மண்டையில் ஏறவில்லையா?

நர்ஸிடம் போனில் கேட்டேன். "திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது, அந்தக் குரோன்ஸ் குடல் நோயும் திரும்பத் தலைதூக்கும். இன்னைக்கு உள்ளதை மட்டும் சாப்பிட்டதும் போடட்டும். விட்டதையெல்லாம் சேர்த்துப் போட்டுடப் போறார். இன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும்" என்றார்.

முட்டையும் பிரெட்டும் மேசையில் இருக்கின்றன. பதினொரு மணிக்கு அக்கா வந்து உங்களை அழைத்துப்போவாள். அவளிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்று கதை விடாதீர்கள். அதற்குள் மயக்கமோ வாந்தியோ வந்தால் அவளுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். கடைச் சாவியைத் தம்பி வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் பேச மாட்டேன். கோபம் ஆறவில்லை.

பி.கு: முகம் வீங்கியது எனக்குத் தெரியாதா? தினமும் பார்க்கிறவள் நான். ஒரு வார்த்தை சொன்னேனா?

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை எனக்கு முடி வெட்டிவிட வேண்டும். வெட்டும்போது கண்ணாடியில் என் முகத்தை மட்டும் பாருங்கள்.