இங்கிலீசுப் பாட்டுக் கேட்ட வருசம்

மச்சாள்,

இன்று காலை பேத்தியின் பள்ளிக்கூடப் பாவாடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட பாவாடை. மெல்பேர்ணின் இந்தப் பொயிண்ட் குக்கில் காற்றுக்கு நேரங்காலம் இல்லை, அதைப் பிடித்துச் சுழற்றி அடித்தது. உடுப்பு எடுக்கப் போன நான் கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கட்டத்தைக் கண்டதும் அந்தக் காலத்துப் பக்கத்து வீட்டு டொரீனின் கலர் ரி.வி. கண்ணுக்குள் வந்தது. அதற்கு முன்னால் தரையில் சப்பணம் கட்டிக்கொண்டு நீ வந்தாய்.

நீ எங்களை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. நாலாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள், அது உனக்குத் தெரியும். ஆனால் மறதி என்ற வருத்தம் எனக்கு இன்னும் வரவில்லை. யார் எந்தக் கதிரையில் இருந்து என்ன சொன்னார்கள் என்பது வரைக்கும் கிடக்கிறது. உன்னுடைய ஆட்களுக்கு என்னைப் பிடிக்காததற்கும் அதுதான் காரணம்.

எழுபத்தாறாம் ஆண்டு. அதற்கு முந்தின மார்கழியில்தான் மாமி, உன் அம்மா, யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடினார். தந்தி வந்து சேரும்போது அங்கே எரித்து முடித்துவிட்டார்கள். நீ உன் அண்ணனை, என் மனுசன் இவரை நம்பி மெல்பேர்ணுக்கு வந்து கொஞ்ச மாதம்தான். ஒரே தங்கை, அதுவும் கடைக்குட்டி. தந்தியைப் படித்துவிட்டு உன் அண்ணன் சுவரில் தலையை முட்டி அழுதார். நீ அழவில்லை. குசினிக்குப் போய்க் கிடந்த கோப்பைகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாய். அன்றைக்கு இரவே உங்கள் பெரியண்ணர் சிட்னியிலிருந்து ரெலிபோனில் கூப்பிட்டு, "அவள் அழுதவளோ?" என்று கேட்டதும் எனக்கு ஞாபகம். அழுகைக்கும் கணக்குப் பார்க்கிற மனுசன்.

மாமிக்கு வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியும்வரை வீட்டில் கொண்டாட்டமும் இல்லை, பாட்டும் இல்லை என்றார் இவர். தமிழ்ப் பாட்டுக் கசெற்றுகளை ஒரு பெட்டிக்குள் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். அந்தக் காலத்து மெல்பேர்ணில் தமிழ் முகம் காண ஒரு கிழமை அலைய வேண்டும். வீட்டிலும் சத்தம் இல்லை என்றால் எப்படி இருந்திருக்கும்? குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்துக்காகவே நான் இரண்டாம் தரம் அரிசி கழுவியிருக்கிறேன்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அறையில் ரேடியோ கேட்டது. இவர் கதவடியில் போய் நின்றார்.

"என்ன அது?"

"இங்கிலீசு, அண்ணா."

"பாட்டோ?"

"லண்டன் பாட்டு."

இவர் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். கிற்றாரை யாரோ கறிச்சட்டி சுரண்டுகிற மாதிரிச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"உது பாட்டே? சத்தம். சத்தம்தானே, கிடக்கட்டும்."

அந்த ஒரு சொல்லில் உனக்கு ஒரு வருசம் திறந்தது. மாமிக்குத் தேவாரம் பாடினால்கூடக் குரலைத் தாழ்த்தச் சொன்ன வீட்டில், இங்கிலாந்து முழுக்க வந்து குடியிருந்தது.

பக்கத்து வீட்டு டொரீன் இங்கிலாந்துக்காரி. கப்பலில் வந்து பத்து வருசமாகியும் இந்த ஊர் வெயிலைத் திட்டுவதை விடவில்லை. அவளுடைய தம்பி அங்கேயிருந்து இசைத்தட்டும் பத்திரிகையும் அனுப்புவான். தெருவில் முதல் கலர் ரி.வி.யும் அவள் வீட்டில்தான். அதில்தான் ஸ்கொட்லாந்துப் பாட்டுக்காரப் பொடியங்களைப் பார்த்தோம். கணுக்காலுக்கு மேலே நிற்கிற காற்சட்டை, அதன் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாகத் துணி. முன்னால் பெண்பிள்ளைகள் பேய் பிடித்தது போலக் கத்தி மயங்கி விழுகிறார்கள்.

"மச்சாள், இவங்கள் எங்கடை அப்பு இடுப்பிலை கட்டுற சாரத்தைக் கிழிச்சுத் தைச்சிருக்கிறாங்கள்!" என்றாய்.

"அப்பு சாரத்தோடை எத்தினை தரம் சந்தைக்குப் போனவர். ஒருத்தியும் மயங்கி விழேல்லையே" என்றேன்.

நீ சிரித்த சிரிப்பில் டொரீனின் தேநீர் கொட்டியது. செத்தவீட்டு வருசத்தில் சிரித்துவிட்டோமே என்று பிறகு இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு வேலியால் வந்தோம்.

கண்ணுக்கு மை தீட்டி, பாதக்குறட்டைப் போல உயர்ந்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஆடுகிற ஆம்பிளைகளையும் அங்கேதான் பார்த்தோம். எனக்கு அவர்கள் கூத்துக்காரர். உனக்கு எல்லாம் வேண்டும். வாரநாளில் அந்தக் கூத்து, ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் ரேடியோவில் பெரிய வாத்தியக் கோஷ்டி. நூறு பேர் வாசிக்கிறார்களாம், ஒருத்தன் குச்சியை ஆட்டுகிறானாம். எனக்குக் கொட்டாவி வரும். நீ என் முழங்கையைப் பிடிப்பாய்.

"இப்ப கேளுங்கோ. ஒரே நேரத்திலை நாலு பேர் நாலு விதமாப் போகினம். ஆனாச் சண்டை வரேல்லை."

"எங்கடை குடும்பத்திலை நாலு பேரும் ஒண்டைச் சொன்னாலே சண்டைதான்."

டொரீன் கொயர் என்ற ஒரு பாட்டுக் கோஷ்டியில் பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் உன்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மார்கழியில் நகர மண்டபத்தில் பெரிய கச்சேரி, இங்கிலாந்துக்காரர் எழுதிய பாட்டுகள் மட்டும். போன மூன்றாம் கிழமையே கொயரை நடத்துகிற அம்மா உன்னைத் தனியாக நாலு வரி பாட வைத்தா. கச்சேரியில் நன்றாகப் பாடினால் நகரத்து இசைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னா. அன்று நீ ட்ராமை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வரவில்லை, ஓடி வந்தாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். "மச்சாள், எனக்கு ஒரு இடம் இருக்காம்" என்றாய். இந்த ஊருக்கு வந்த பிறகு உன் வாயால் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

இவரிடம் கேட்க நான்தான் துணைக்கு நின்றேன். இவர் பேப்பரை இறக்காமலே சொன்னார்: "பழகிறதைப் பழகு, அது சத்தம்தானே. மேடை வேறை. வருசம் முடியட்டும், பேந்து பாடு. நான் மறிக்கேல்லை."

நீ குசினிக் கலண்டரைப் பார்த்தாய். மாமி போன தேதி சனிக்கிழமையில் விழுந்தது. கச்சேரி அடுத்த நாள் ஞாயிறு. "அம்மாவே பாத்து வச்சிருக்கிறா" என்றாய். இங்கிலீசுக் கலண்டரில் திவசம் பார்க்கிற பிழை எங்களைப் போல ஆட்களுக்குத்தான் வரும். புதுசாகக் கப்பலேறி வந்து, ஊர்க்கணக்கு ஊரோடு நின்றுவிட்டது என்று நினைத்தவர்களுக்கு.

டிசம்பர் பிறந்து கொஞ்ச நாளில், இங்கிலாந்தில் ஒரு பெரிய இசையமைப்பாளர் செத்துப்போனார் என்று ரேடியோவில் சொன்னார்கள். உங்கள் கச்சேரியில் அவருடைய பாட்டும் இருந்தது. நாள் முழுக்க அவர் எழுதியதையே போட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் குரல் ஒன்று எழும்பி எழும்பிப் போனது. நீ துவாயை மடித்துக்கொண்டிருந்தவள், அதற்குள் முகத்தைப் புதைத்து அழத் தொடங்கினாய். என்னால் பிடிக்க முடியவில்லை. வேலையால் வந்த இவர் கண்டுவிட்டு, "இப்பதான் அம்மாவை நினைக்கிறாள் போலை. அழட்டும்" என்றார், ஒரு திருப்தியோடு. யாரென்று தெரியாத வெள்ளைக்காரனுக்கு அழுதாய் என்று நான் சொல்லவில்லை. அப்படியும் சொல்ல முடியாது. அவனுக்குப் பின்னால் மாமியும் வந்திருப்பா.

கச்சேரிக் கிழமை டொரீன் கோபத்தோடு வந்தாள். லண்டனில் புதுப் பொடியங்கள் கொஞ்சப் பேர் சட்டையெல்லாம் ஊக்குக் குத்திக்கொண்டு ரி.வி.யில் வந்து தூசணம் பேசினார்களாம். இங்கிலாந்தே கெட்டுவிட்டதாம். "பொத்தான் கழண்டால் நாங்களும் ஊக்குத்தான் குத்துறம். எங்களை ஒருத்தரும் ரி.வி.யிலை விடேல்லையே" என்று தமிழில் என் காதுக்குள் சொன்னாய். அந்தச் சிரிப்புத்தான், மச்சாள். அதற்குப் பிறகு உன்னிடம் அந்தச் சிரிப்பை நான் காணவில்லை.

அன்று பின்னேரம் சிட்னியிலிருந்து ரெலிபோன். பெரியண்ணர். அவருடைய குரல் விறாந்தை வரைக்கும் கேட்கும்.

"பஞ்சாங்கம் பாத்தனியோ? அம்மா போனது மார்கழிப் பறுவம். இந்த முறை மார்கழிப் பறுவம் ஜனவரியிலைதான் வருது. அதுக்கு முன்னம் அவளை மேடையேத்தப் போறியோ? சனம் என்ன சொல்லும்?"

டிசம்பரில் வந்த பறுவம், அந்த முழுநிலவு, கார்த்திகையோடு சேர்ந்துவிட்டதாம். மார்கழிக்கு உரியது இங்கிலீசுப் புதுவருசம் பிறந்த பிறகுதானாம். சரி. கார்த்திகைப் பறுவத்தோடு பன்னிரண்டு நிலவு முடிந்தது என்று கணக்கெடுக்கிறவர்களும் உண்டு. இரண்டு கணக்கில் தங்கையின் வாயை மூடுகிற கணக்கைத்தான் அண்ணன்மார் எடுத்தார்கள். சனமாம், சனம்! மெல்பேர்ண் தமிழ்ச் சனம் முழுவதையும் ஒரு வான் வண்டியில் ஏற்றியிருக்கலாம். இதைச் சொன்ன பெரியண்ணர் அதே வருசத்துக்குள் சிட்னியில் புது வீடு எடுத்துப் பால் காய்ச்சினவர். நான் பிறகு முகத்துக்கு நேரே கேட்டேன். "அது வீடு. விசேசமில்லை" என்றார். அவர் செத்தவீட்டிலும் நான் அதை மறக்கவில்லை.

இவர் ரெலிபோனை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். நீ சுவரோடு நின்றாய்.

"கேட்டனிதானே?"

"ஓம் அண்ணா."

அவ்வளவுதான். ஓம் அண்ணா. உன்னோடும் எனக்குக் கோபம் இருக்கிறது, மச்சாள். போனவளோடு கோபிக்கக் கூடாது என்கிறார்கள், நான் கோபிக்கிறேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "நீங்கள்தானே சத்தம் எண்டனீங்கள்" என்று ஒரு சொல். நான் சொன்னேன். "இது உன்ரை வீட்டு விசயமில்லை" என்றார் இவர். என் வாயை அவர் அடைத்தார், உன் வாயை நீயே அடைத்தாய்.

ஞாயிறு மத்தியானம் டொரீன் கறுப்பு நீளச் சட்டையோடு வாசலில் வந்து நின்றாள். இவர் படித்த மனுசன், எஞ்சினியர். நிலவையும் மாதத்தையும் அவளுக்கு விளங்கப்படுத்தினார். அவள் கேட்டுவிட்டு, "உங்கட வருசத்துக்கு எத்தனை மாதம்?" என்றாள். பிறகு வெயிலுக்குள் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். அங்கே நிலவு இல்லை. தனியாகப் போனாள்.

இவர் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். நீ குசினிக் கதிரையில் இருந்து போஞ்சிக்காய் உடைத்துக்கொண்டிருந்தாய். மணிக்கூடு மூன்றைத் தொட்டது, அங்கே தொடங்கியிருப்பார்கள். ஒரு சங்கதி இவருக்குக் கடைசிவரை தெரியாது. நீ மேடையில் பாட இருந்த அந்தப் பாட்டில் எனக்கும் ஒரு பங்கு வரும். நீ வீட்டில் பழகும்போது கீழ்க்குரல் பிடிக்க ஆள் வேண்டும் என்று, இங்கிலீசு தெரியாத எனக்கு வெறும் 'ஆ'வில் அதைச் சொல்லித் தந்திருந்தாய். ஏறாமல் இறங்காமல் பக்கத்திலேயே நகர்கிற ஒரு கீழ்க்குரல். தொடக்கத்தில் நான் வழுகி உன் பக்கம் சாயப் பார்ப்பேன். "என்னைக் கேக்காதேங்கோ, மச்சாள். கேட்டால் என்ரை பக்கம் இழுபட்டு வந்திடுவியள். காதைப் பொத்திக்கொண்டு உங்கடையைப் பிடியுங்கோ" என்று நீ சொல்ல, நான் உண்மையாகவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

அன்று நானே அதைத் தொடங்கினேன். மெதுவாகத்தான். இவர் எழும்பினால் எழும்பட்டும் என்று. நீ சேருவாய் என்று பார்த்தேன். குசினிக்குள்ளாவது, போஞ்சிக்காவது பாடுவாய் என்று பார்த்தேன். நீ சேர வேண்டிய இடம் வந்தது, போனது. நீ நிமிரவில்லை.

"விடுங்கோ, மச்சாள். இது இறுகின போஞ்சி, கெதியா அவியாது."

ஜனவரியில் திவசம் முடிந்தது. சிட்னியில் பெரியண்ணர் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்கு உன்னைக் கட்டிக் கொடுத்தார்கள். மேளச் சத்தம் காதைக் கிழித்தது, அதற்கு ஒரு குறையும் இல்லை. உன் வென்ட்வேர்த்வில் வீட்டுக்கு நான் வந்த போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டுதான் வந்தேன். ரேடியோவில் செய்தி போகும். அது முடியக் கை தானாகப் போய் நிற்பாட்டும். உன் பிள்ளைகளைக்கூட நீ பேசாமல் தட்டித்தான் நித்திரையாக்கினாய். ஒருநாள் கேட்டேன். "எனக்கு இப்ப உதெல்லாம் விளங்கிறேல்லை, மச்சாள்" என்றாய். விளங்காமல் போகுமா? போனதோ, போகச் செய்தாயோ, அதை மட்டும் நீ எனக்குச் சொல்லவில்லை.

போன மாதம் உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று உன் மகன் இங்கிலீசில் பேசினான். என் மகள் காதுக்குள் தமிழில் சொன்னாள். அம்மா அமைதியானவவாம். சமையலும் நாங்களும்தான் அவவின் உலகமாம். பாட்டு, இசை என்று பெரிய ஈடுபாடு ஒன்றும் இருந்ததில்லையாம். மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. நான் கதிரையின் கையைப் பிடித்து எழும்பப் பார்த்தேன். "அம்மா, இருங்கோ" என்று மகள் தோளை அமத்தினாள். இந்த வயசில் அவளுடைய ஒரு கை போதும் என்னை இருத்த. இவரும் இல்லை, பெரியண்ணரும் இல்லை, டொரீனும் எப்போதோ போய்விட்டாள். நீ பாடினவள் என்பதற்குச் சாட்சி நான் ஒருத்தி. அந்த மண்டபத்தில் நான் ஒரு கிழவி, சத்தம் போட்டால் மரியாதை இல்லை.

நேற்றுப் பேத்தி குசினிக்குள் வந்து, "என்ன சோங் அது, அம்மம்மா? ஃப்ரிட்ஜ் சத்தம் மாதிரி இருக்கு" என்றாள். பாத்திரம் கழுவும்போது நான் அதை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐம்பது வருசமாக இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் போல.

"இது கீழ்க்குரல், பிள்ளை. இதுக்கு மேலை ஒண்டு வரும். அதுதான் பாட்டு."

"அப்ப அதைப் பாடுங்கோ."

நான் வாயைத் திறந்தேன். டொரீனின் கறுப்புச் சட்டையின் பொத்தான் வரைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. நீ உடைத்த போஞ்சியின் சத்தம் கேட்கிறது. யார் யார் எதைச் சொல்லி உன்னை மறித்தார்கள் என்பது ஒரு சொல் பிசகாமல் வருகிறது. உன் மெட்டு வரவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன், அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மறந்திருந்தால்தானே நினைவுக்கு வரும், எனக்குள் அது ஏறவே இல்லை! காதைப் பொத்திக்கொண்டு என்னுடையதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நீ சொன்னபடியே. அவ்வளவு நாளும் என் பக்கத்தில் நின்றுதான் பாடியிருக்கிறாய், மச்சாள். நான் உன்னைக் கேட்கவே இல்லை.