கம்பளியோடு அளக்காத துவக்கு

என் பிரியத்துக்குரிய முத்துவேல் மச்சானுக்கு,

நாளைக்கு உங்களுக்கு முதல் திவசம். படையலுக்கு வேண்டிய சாமான் எல்லாம் பூண்டுலோயா கடைவீதியில் வாங்கி வந்துவிட்டேன். உங்களுக்குப் பிடித்த சுருட்டும் ஒரு கட்டு வாங்கினேன். கடைக்காரருக்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது, மச்சான் சௌக்கியமா என்று கேட்டார். பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். பதில் சொல்லாமல் வருவதுதான் எனக்கு இந்த ஒரு வருஷமாக நன்றாகப் பழகிவிட்டதே.

வீட்டுச் சேதி என்ன சொல்ல? உங்கள் பேரையும் சேர்த்து எழுதிப் போட்ட பிரஜாவுரிமை மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. இறந்தவர் பேரை எடுக்க இன்னொரு மனு போட வேண்டும் என்கிறார்கள். செல்லம்மா அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பேர் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன இடைஞ்சல் என்று கேட்கிறாள். நானும் விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை மச்சான். அந்தத் துவக்கைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தோட்டத்து மேல் டிவிசனில் காட்டுப்பன்றி விரட்டும் வாச்சர் வேலையை உங்களுக்குக் கொடுத்தபோது, பழைய துரை விட்டுப்போன ரைபிள் துவக்கையும் கூடவே கொடுத்தார்கள். நல்ல கனம். சுட்டால் தோளைப் பெயர்த்துவிடும். ஆனால் குறி தப்பாது. நீங்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதற்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

அப்புறம் சின்னத்துரை சீமையிலிருந்து ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி வரவழைத்து, அதை ரைபிளின் மேலே மாட்டச் சொன்னார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெஷின்களைப் பார்க்கிற பிட்டர் வேலை என்னுடையது, அதனால் மாட்டியதும் நான்தான். ரெண்டாம் நாளே நீங்கள் அதைக் கழற்றி எடுத்துவந்து என் மேசையில் வைத்தீர்கள். இதில் பார்த்தால் பன்றி தெரியவில்லை, பனிமூட்டம்தான் கிட்டத்தில் தெரிகிறது என்றீர்கள். ஸ்டோர் முழுக்கச் சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

நம் இருவருக்கும் எப்போதும் இதுதானே சண்டை? ஒரு சாமானைக் கண்டால் அதில் எதைக் கூட்டலாம், எதை மாற்றலாம் என்று என் கை சும்மா இருக்காது. செய்து அனுப்பியவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா என்று நீங்கள் கேலி செய்வீர்கள். நான் தைத்துக் கொடுத்த தோல் வாரை மட்டும் ஒத்துக்கொண்டீர்கள், தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறலாம், ரெண்டு கையும் காலியாக இருக்கும் என்று. ஆக, துவக்கில் கூட்டுகிற சாமானில் சிலது உதவும், சிலது வெறும் சுமை. என் புத்திக்கு அந்த ரெண்டு வகைதான் எட்டியது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது.

ஒரு நாள் நீங்கள் பீலித் தண்ணீரில் குளிக்கும்போது பார்த்தேன். வலது தோள் கறுத்துக் கன்றிப் போயிருந்தது. அக்கா தினமும் எண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறாள் என்றும், அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியவில்லை என்றும் சொன்னீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. சப்பாத்து தைக்கிறவரிடம் போய் செருப்பு அடிக்குப் போடும் வெள்ளை ரப்பரில் ஒரு துண்டு வாங்கி வந்தேன்.

"நல்லா இருக்கறத ஏன் மாப்ள நோண்டுற?" என்று அப்போதும் கேட்டீர்கள். நான் எங்கே கேட்டேன்? துவக்குக் கட்டையின் பின்னால், தோளில் பதிகிற இடத்தில் இருந்த இரும்புத் தகட்டைக் கழற்றினேன். அந்த இடத்தில் ஒரு விரல் கனத்துக்கு ரப்பரை வைத்து இறுக்கினேன். ஸ்டோருக்குள்ளே நல்ல சூடு, நீங்கள் பனியனோடு நின்றீர்கள். பத்துத் தடவை தூக்கிக் காட்டச் சொன்னேன், பத்துத் தடவையும் தடங்கல் இல்லாமல் போய்த் தோளில் உட்கார்ந்தது. பின்பக்கம் போய் ஒரு தகரத்தைப் பார்த்து மூன்று வெடி சுட்டீர்கள். தோள் நோகவில்லை, நீ கெட்டிக்காரன்தான் மாப்ள என்றீர்கள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை மச்சான்.

வெயில் மாதம் முழுக்க அந்த ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. உங்கள் தோளும் ஆறிவிட்டது. அக்காவுக்கு ரப்பர் வைத்த கதையே தெரியாது. தான் தேய்த்த எண்ணெயில்தான் குணமானது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழை பிடித்த பிறகு வந்தது அந்தக் காலை. லயத்து வீடுகளுக்குப் பின்னால் கிழங்குப் பாத்தியைப் பன்றி உழுதுவிட்டது என்று உங்களோடு காவலுக்கு வருகிற கருப்பையா வந்து கூப்பிட்டான். நீங்கள் சட்டையோடு கிளம்பினீர்கள். சாரல் அடிக்கிறது, கம்பளி போட்டுக்கொண்டு போங்கள் என்று அக்கா சொன்னாள். வேண்டாம் என்றீர்கள். அவள் விடவில்லை. ஓடிவந்து தானே தலையோடு சேர்த்துப் போர்த்திவிட்டாள். நான் பக்கத்துக் காம்பிரா வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே மச்சான்.

தேயிலைச் செடிக்குள்ளிருந்து பன்றி நேரே பாய்ந்ததாம். நீங்கள் துவக்கைத் தூக்கியிருக்கிறீர்கள். அது தோளுக்கு ஏறாமல் நெஞ்சோடு நின்றுவிட்டது. ரெண்டாம் தடவை இழுத்துத் தூக்குவதற்குள் பன்றி தொடையைக் கிழித்துவிட்டது. லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் தலை என் மடியில் இருந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தீர்கள், என்ன மச்சான் அது?

கருப்பையா கண்ணால் பார்த்ததைச் சொன்னான். "துவக்கு கம்பளியில மாட்டிக்கிச்சு." அந்த ஒரு பேச்சு அன்றைக்கே லயம் லயமாகப் பரவிவிட்டது.

மறுநாள் ரத்தம் துடைக்கச் சொல்லித் துவக்கை என்னிடம்தான் கொடுத்தார்கள். ரப்பர் முழுக்கக் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. பழைய இரும்புத் தகடு இருந்திருந்தால் கம்பளி மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். ரப்பர் கவ்விப் பிடித்துக்கொண்டது. கட்டையும் ஒரு விரல் நீண்டுபோயிருந்தது. மழையில் கம்பளியோடு நிற்கிற ஆளுக்கு, சூட்டில் பனியனோடு நிறுத்தி அளவெடுத்த முட்டாள் நான். ரப்பரைக் கழற்றி ஸ்டோர் அடுப்பில் போட்டேன். இரும்புத் தகட்டைத் திரும்ப வைத்து முடுக்கினேன். ஒன்றுமே நடக்காதது போலக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து அக்கா கம்பளி போடுவதில்லை. தன் கம்பளியை யாருக்கோ கொடுத்துவிட்டாள். இடுப்பில் படங்குச் சாக்கு மட்டும் கட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் கொழுந்து எடுக்கிறாள். கங்காணி திட்டியும் கேட்கவில்லை. நெஞ்சுச்சளி கட்டி ரெண்டு தடவை படுத்துவிட்டாள். பீலிக்கரையில் பொம்பளைகள் அவள் காதுபடவே பேசுகிறார்கள், புருஷனுக்கு இவளே எமனைப் போர்த்தி அனுப்பினாள் என்று. அவள் குடத்தை நிறைத்துக்கொண்டு பேசாமல் வருவாள். நானும் பேசாமல் இருந்தேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

போன கிழமை கருப்பையா ஸ்டோருக்கு வந்தான். இப்போது அவன்தான் வாச்சர், அதே துவக்குத்தான். "அண்ணே, தோளு வலிக்குது. அவருக்கு வச்ச மாதிரி எனக்கும் ஒரு ரப்பர் வச்சுக் குடுங்க" என்றான். கள்ளமில்லாமல் கேட்டான் மச்சான்.

வாய்க்கு வந்தபடி அவனை ஏசினேன். ஏசிக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அவன் தோளில் கிடந்த துண்டை வாங்கி, நாலாக மடித்து, சட்டைக்குள்ளே தோளில் வைத்தேன். சுட்டுப் பார்க்கச் சொன்னேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டும் சுடச் சொன்னேன். வலி இல்லை, மாட்டவும் இல்லை என்றான். ஒரு துண்டு மச்சான். அவ்வளவுதான் தேவைப்பட்டது. துவக்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. உங்கள் கழுத்திலும் தினமும் ஒரு துண்டு கிடந்ததே.

அன்றைக்கு வேலை முடிந்ததும் நேரே அக்காவிடம் போனேன். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், ரப்பர் வைத்ததையும் சொன்னேன், எரித்ததையும் சொன்னேன். அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை.

"ரப்பரு வச்சது தப்பில்ல தம்பி. அவரு நல்லா இருக்கணும்னுதான வச்ச" என்றாள். ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "ஆனா ஒரு வருஷமா நான் நனையறதப் பாத்துக்கிட்டு இருந்தியே."

அவள் எழுந்து அரிசி களைந்தாள். எனக்கும் சேர்த்துத்தான் சோறு வைத்தாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்று கேட்டாள். "எங்கிட்ட சொல்லிட்ட. லயத்துக்கு யாரு சொல்றது?"

அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை. இன்றோடு ஏழு நாள். சோறு மட்டும் தவறாமல் வருகிறது.

அதனால்தான் இதை எழுதினேன் மச்சான். நாளைக்குப் படையல் முடிந்து எல்லோரும் இலையில் உட்காருமுன், மேல் லயம், கீழ் லயம் அத்தனை பேர் முன்னாலும் நின்று இதை வாசிப்பேன். ஒரு வரியையும் விழுங்கமாட்டேன். உங்களை எமனிடம் அனுப்பியது அக்கா இல்லை, நான் என்று பீலிக்கரைக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பேன். அவள் மன்னிக்கிறாளோ இல்லையோ, அது அவள் பாடு. இனி அவளைப் பார்த்து ஒருத்தியும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வது என் பாடு. இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்,
செல்லம்மாவுக்கு நாளையிலிருந்தாவது தம்பியாக இருக்கப்போகிற
ராமையா