காவியில் எழுதிய சிங்கம்

மதினி,

இன்று அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கோலத்தைச் சுற்றிப் பூசக் காவி குழைத்தேன். அந்த ஈர வாசனையில் உங்கள் முதுகு நினைவுக்கு வந்து, கை அப்படியே நின்றுவிட்டது.

முதலில் அந்த முதுகுவலியைக் காலண்டர் சீசன் தலையில்தானே போட்டோம்? சிவகாசியில் நாளெல்லாம் குனிந்து காலண்டருக்குத் தகரம் மாட்டிய வலி என்றீர்கள். சீசன் முடிந்தும் வலி போகவில்லை. ரத்தமும் குறைந்துகொண்டே வந்தது. மதுரையில் ரத்தத்தில் ஏதோ புரதம் கூடியிருக்கிறது என்று கண்டு, இடுப்பெலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, மல்டிபிள் மைலோமா என்றார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய அணுக்களே கெட்டுவிட்டன, காய்ச்சல் நூற்றைத் தாண்டினால் உடனே வந்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். தினமும் விளக்கேற்றியதும் அடுத்த வீடான உங்கள் வீட்டுக்கு வந்து, காய்ச்சல் பார்த்துக் குறித்தேன்.

ஒருநாள் நோட்டில் இல்லாதது வந்தது. விலாவிலிருந்து முதுகுவரை வரிசையாகக் கொப்புளம், தீப்பட்டதுபோல எரிச்சல். காய்ச்சல் மட்டும் இல்லை. அக்கிதானே, எழுதினால் போய்விடும் என்று ஆமத்தூரில் பானை வனைகிறவரிடம் உங்களைக் கூட்டிப்போனேன். அவர் கொப்புளத்தைச் சுற்றிக் காவியால் கோடிழுத்து, மேலே ஒரு சிங்கமும் எழுதினார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தீர்கள்.

"ஏ புள்ள, சிங்கம்னு சொல்லிப் பூனைய எளுதி விட்டுட்டாரே. இது எங்கன அக்கிய வெரட்டும்?"

அந்த எரிச்சலிலும் சிரித்தீர்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது; மதுரைக்கு ஓடினோம். காவியைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. முதல் நாளே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும், இப்போது உயிருக்கே ஆபத்து, யார் கூட்டிப்போனது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நாந்தான் அடம்புடிச்சேன். இவ வேணாம்னுதான் சொன்னா."

பிழைத்து வந்து, இன்னும் இரண்டு பங்குனி பார்த்தீர்கள். கடைசிவரை அண்ணனிடமும் அதையே சொன்னீர்கள். நானும் பேசாமல் இருந்தேன்.

இன்று உங்கள் வீட்டில் காவிக் கிண்ணத்தோடு நான் நின்றபோது எதிர்வீட்டு அக்கா வந்தார். அவருக்கும் உங்கள் நோய்தான். நான் போட்டு வைத்திருந்த புது நோட்டைக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லாவிட்டாலும், உடம்பில் கொப்புளமோ வேறெதுவோ புதிதாக வந்தால் அன்றே ஆஸ்பத்திரி என்பதுதான் அதில் முதல் வரி.

"அக்கின்னா எளுதத்தான செய்வாக?" என்றார் அவர்.

அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் பூஜை அலமாரியைப் பார்த்தபடி சொன்னேன்: "மதினிய நாந்தான் எளுதக் கூட்டிட்டுப் போனேன். அவுக அடம்புடிக்கல."

அண்ணன் உங்கள் தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்து, அந்த அக்காவின் நோட்டின்மேல் வைத்தார்.

எனக்காக நீங்கள் சொன்ன பொய்யை இறக்கிவைத்துவிட்டேன், மதினி. உங்கள் பூனைச் சிங்கம் மட்டும் என்னிடம் இருக்கட்டும்.