உனக்கு அனுப்ப முடியாத அரை மூட்டை

லீட்டன், ஆஸ்திரேலியா, 1929

அன்புள்ள யூனிஸ்,

உன் இருமல் குறைந்ததா? கடற்காற்று ஒத்துக்கொள்கிறதா? நான் நலம். இந்தக் கடிதத்தை யாரும் எழுதித் தரவில்லை. எல்லாம் என் கையெழுத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை.

அரிசி வியாபாரிகள் எங்களை ஏய்த்தது உனக்குத் தெரியும். பக்கத்து வயல் க்ளெம் குறைந்த விலைக்கு ஒத்துக்கொண்டதாக என்னிடம் சொல்வார்கள். நான் ஒத்துக்கொண்டதாக அவனிடம். அதனால்தான் விவசாயிகள் நாங்கள் ஓட்டுப் போட்டு, எல்லார் அரிசியையும் ஒரே விலைக்கு விற்க எங்களுக்கென்று ஒரு வாரியம் அமைத்தோம். க்ளெமை அதில் உட்கார வைத்ததும் நாங்கள்தான்.

உனக்காக இரண்டு வாரம் கையால் உமி நீக்கிய அரிசியை ரயிலடிக்குக் கொண்டுபோனேன். க்ளெம் மறித்தான்.

"எங்க போகுது மூட்டை?"

"என் பொண்டாட்டிக்கு."

"விளைஞ்சது எல்லாம் வாரியம் வழியாத்தான் வெளிய போகணும். நீயுந்தானே ஓட்டுப் போட்ட?"

"என் வயல் அரிசிய அவ திங்கக் கூடாதா?"

"உன் வீட்டுல எவ்வளவு வேணா தின்னுங்க. ரயில்ல ஏத்தாதே, வால்டர். உனக்கு விட்டா நாளைக்கு வியாபாரியும் பொண்டாட்டிக்குன்னுதான் சொல்லுவான்."

அவன் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மூட்டையைத் திருப்பிக்கொண்டு வந்து தனியாகத் தின்கிறேன்.

பாலில் அரிசி வேகவைத்து நீ செய்யும் இனிப்புக்கு எவ்வளவு சர்க்கரை என்று பெரிய எழுத்தில் எழுது. நான் செய்தால் குழைந்துபோகிறது. கம்பளிக் காலுறையும் அனுப்பு.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். அரிசி உன்னிடம் வர முடியாது யூனிஸ். இருமல் நின்றதும் நீ அரிசியிடம் வந்துவிடு. பாதி மூட்டையைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

உன்
வால்டர்