நான்கு மீன்களும் சாயக்காரர் கையும்

பெரிய காஞ்சிபுரம்
3-1-1973

அன்பு மகள் மனோன்மணிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், கல்கத்தாவில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். வழக்கமாக இந்த வரியிலேயே உன் மீன்களின் சுகத்தையும் சேர்த்துவிடுவேன். போன கடிதத்தில்கூடப் பதினொன்றும் சுகம் என்று எழுதினேன். அது பொய். அதை எழுதிய அன்று தொட்டியில் ஏழுதான் இருந்தன. அளக்காமலே அளவு எழுதிய பையன்களைச் சோதனைச்சாலை வாசலில் முட்டி போட வைத்தவன் நான், இப்போது நீ எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் குளிரில் மீன்கள் அடியில் போய் ஒண்டிக்கொண்டு தீனிக்குக்கூட மேலே வரவில்லை. நீ எழுதியிருந்தபடி ஹீட்டர் வாங்கப் பட்டணம் போனேன். வளர்ப்பு மீன் கடைக்காரர், நாலடித் தொட்டிக்குப் பெரியது ஒன்று வேண்டாம், தெர்மோஸ்டாட் வைத்த சிறியது இரண்டாகப் போடுங்கள், சூடு ஏறினால் தானாக அணையும், ஒன்று கெட்டாலும் இன்னொன்று காப்பாற்றும் என்றார். முப்பத்திரண்டு வருஷம் வெப்பப் பாடம் நடத்தியவனுக்கே பாடமா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அணைக்க நான் இருக்கிறேன் என்று சொல்லி, தெர்மோஸ்டாட் இல்லாத பெரியதையே வாங்கினேன். அப்படின்னா நீங்க வீட்ட வுட்டு எங்கியும் போவ மாட்டீங்களா சார் என்று கேட்டார். மரியாதை தெரியாத ஆள் என்று முனகிக்கொண்டே பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் தொட்டித் தெர்மாமீட்டரைப் பழக்க தோஷத்தில் ஜுரம் பார்ப்பதுபோல் உதறினேன், குழாயில் பட்டு நொறுங்கிவிட்டது. எதை உதற வேண்டும், எதை உதறக் கூடாது என்று வருஷா வருஷம் பரீட்சையில் கேள்வி கேட்டவனும் நான்தான்.

இன்னொன்று வாங்க மறுபடி யார் போவது என்ற சோம்பலில் அடுத்த தெரு வீரபத்திரனை அழைத்து வந்தேன். பட்டுக்குச் சாயம் போடுகிறவர், கொப்பரையில் கையை விட்டே சூடு சொல்லிவிடுவார், நிறம் ஒரு நாளும் பிசகியதில்லை. இந்த ஊரில் அந்தக் கையைவிட நம்பகமான கருவி ஏது என்று நினைத்தேன். அவரும் முழங்கை வரை விட்டுப் பார்த்து, இன்னும் ஜில்லுனுதான் இருக்குது சார், ஏறட்டும் வுடுங்க என்றார். ஏறவிட்டேன். நானும் அம்மாவும் ஓரிக்கையில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுப் பிற்பகல் திரும்பினால், தண்ணீர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற சூட்டில் இருந்தது. ஏஞ்சல் மீன்கள் நான்கும் மிதந்தன. வாழ்நாளெல்லாம் கொப்பரையில் விட்டுக் காய்த்துப்போன கைக்கு, நமக்குச் சுடுவதெல்லாம் ஜில்லென்றுதான் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வீரபத்திரன் வந்து பார்த்துக் கண் கலங்கிவிட்டார். இது பட்டுக்குப் பழகின கை சார், உசுரு விஷயத்துல இத்தப் போயி நம்பிட்டீங்களே என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பூச்சி செத்துடப் போவுதேன்னு துணி கட்டி வடிகட்டிக் குடிக்கிற வீட்டுல நாலு உசுர வேக வெச்சிட்டீங்களே என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள். அன்றிலிருந்து பத்து நாளைக்கு ஒருவேளைச் சாப்பாடு என்று விரதம் எடுத்துக்கொண்டாள். பாவம் செய்தது நான், வயிறு காய்ந்தது அவள். நானும் கூட இருக்கிறேன் என்று வீராப்பாகத் தொடங்கி, இரண்டாம் நாளே முறுக்கு டப்பாவும் கையுமாக அகப்பட்டுக்கொண்டேன்.

ஹீட்டரைக் கழற்றிவிட்டேன். புதுத் தெர்மாமீட்டர் வாங்கி, வெந்நீர் அடைத்த பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிட்டு மிச்சமிருக்கும் மீன்களைக் காப்பாற்றி வருகிறேன். இப்படி எத்தனை நாள் ஓட்டுவது. உன்னோடு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த தணிகாசலம், பொங்கல் கழிந்த ஞாயிறு வந்து தொட்டியை அங்கே எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார். முடியாவிட்டால் அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று நீயும் எழுதியிருந்தாய், அதுதான் நியாயமும். ஆனால் எனக்குக் கொடுக்க மனசில்லை மனோன்மணி. இந்த வீட்டில் என்னை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை, உப்பு வாங்கக்கூட அம்மா சீட்டு எழுதித்தான் அனுப்புவாள். அப்பா பார்த்துப்பாருமா என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியவள் நீ ஒருத்திதான். நீ போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது, காலையில் எழுந்தால் அந்தத் தொட்டியின் முன்னால்தான் போய் நிற்கிறேன். இன்னொரு முறை என்னை நம்புவதாக இருந்தால், தெர்மோஸ்டாட் உள்ள சிறிய ஹீட்டர் இரண்டு வாங்கி அனுப்பு. வாளித் தண்ணீரில் ஒரு நாள் போட்டு, தானாக அணைகிறதா என்று பார்த்த பிறகே அனுப்பு. கடைக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேள், அந்த விஷயத்தில் அப்பாவைப்போல இருந்துவிடாதே. வேண்டாம் என்றால் அதையும் ஒரு வரி எழுது, தொட்டியை நானே துடைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், ஆபீசுக்குப் போகும்போது ஸ்வெட்டரை மறக்காதே. நீ நோய்நொடி இல்லாமல், நல்ல பெயரோடு நீடூழி வாழ வேண்டும். பதில் மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்பாண்டை

மனோன்மணி, உறையை ஒட்டுவதற்கு முன் நானும் படித்தேன். வர வேண்டாம் என்று தணிகாசலத்துக்கு நேற்றே சொல்லி அனுப்பிவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது, உன் பதில் வரும்வரை கொஞ்சம் பயந்துகொண்டிருக்கட்டும். ஹீட்டர் இரண்டும் சீக்கிரம் அனுப்பு. அம்மா.