மெட்ராஸ் சாமான்

ஏப்ரல் 7, 1984. சனி

காலையிலிருந்து இவர் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். ஈஸ்டருக்கு முன்னால் எல்லாக் கடையிலும் ஸ்பிரிங் சேல். பேப்பரோடு வந்த தள்ளுபடிக் கூப்பன்களை வெட்டி, டவல் ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம் என்று டைனிங் டேபிள் முழுக்கப் பரப்பியாகிவிட்டது. நியூயார்க்குக்குத் தெற்கே இந்த வெஸ்ட் வின்ட்சரில் மற்றவர்கள் வீட்டில் டூலிப் பூத்தால் வசந்தம். எங்கள் வீட்டில் கூப்பன்தான் பூக்கிறது. ஆபீஸில் இவர் பெரிய எஞ்சினியராம், வாஞ்சிநாதன் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நகருமாம். இங்கே ஒரு தலையணை உறைக்காக ஒரு மணி நேரம் யோசிக்கிறார்.

வாங்குவதெல்லாம் எங்களுக்கு என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு எங்களைத் தெரியாது. எல்லாம் "மெட்ராஸ் சாமான்". அடுத்த வருஷம் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பப் போகிறோமே, அங்கே குடித்தனம் வைப்பதற்கு. 1976-லிருந்து நாங்கள் அடுத்த வருஷம் போகிறோம். நடுவில் ஒரு தரம் போய் எல்லாரையும் பார்த்துவிட்டு வரலாம் என்றால், "போனா ஒரேயடியா போவோம், விசிட் எல்லாம் தண்டம்" என்பார். வாங்கினது வாங்கினபடி அட்டைப்பெட்டிக்குள் போய், மேலே "மெட்ராஸ்" என்று எழுதிக்கொண்டு, பேஸ்மென்டில் உட்கார்ந்துவிடும். பேஸ்மென்ட் நிரம்பி இப்போது ஹாலுக்கு ஏறி வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பது சட்டம்.

பெட்டியில் பூப்போட்ட டின்னர் செட் தூங்குகிறது. நாங்கள் ஐஸ்கிரீம் டப்பாவில் ரசம் குடிக்கிறோம். ஜன்னலில் பழைய பெட்ஷீட்டை ஆணியடித்து மாட்டியிருக்கிறோம். திரை வாங்கினால் மெட்ராஸ் ஜன்னலுக்கு அளவு சரியாக இருக்காதாம்.

எனக்கு ஒரு ஸ்பிரிங் கோட் வேண்டும். பனிக்காலக் கோட்டை மே மாசத்திலும் மாட்டிக்கொண்டு திரிய முடியவில்லை. கேட்கத்தான் போகிறேன்.

ஏப்ரல் 8

கேட்டேன். "பாக்கலாம்" என்றார்.

ஏப்ரல் 14. சனி

க்வேக்கர் பிரிட்ஜ் மாலுக்குப் போனோம். இவர் டவல் வாங்குவதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். பெண் பார்க்க வந்தபோது என்னை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

குட்டிக்கு ஜீன்ஸ் வேண்டும். ஒன்பது வயசு. மாமியார் பெயரை வைத்துவிட்டதால் ருக்மிணி என்று கூப்பிட எனக்கு வாயில்லை, எனக்கு அவள் குட்டிதான். ஸ்கூலில் ருக். இவர் ஒரு ஜீன்ஸை எடுத்து அவள் இடுப்பில் வைத்தார். அதற்குள் இரண்டு குட்டி நுழையலாம்.

"டாடி, இட்ஸ் ஹ்யூஜ்!"

"வளர்ற பொண்ணும்மா. மெட்ராஸ்ல இதெல்லாம் கிடைக்காது."

"பட் ஐ நீட் பேன்ட்ஸ் நௌ."

இவருக்கு அந்த "நௌ" மட்டும் என்றைக்குமே காதில் விழாது.

கோட் கிடைத்தது. சாம்பல் கலந்த நீலம், இடுப்பில் பெல்ட். கண்ணாடியில் பார்த்தேன். புடவைக்கு மேலேயே நன்றாக இருந்தது. கடைக்காரி "லவ்லி" என்றாள், அவர்கள் எதற்கும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

"நன்னாத்தான் இருக்கு," என்றார் இவர். "ஆனா மெட்ராஸ்ல இதை எங்க போட்டுப்ப?"

"இங்க போட்டுக்கத்தான்னா கேக்கறேன்."

"இங்கயா?" என்றார், ஜங்ஷன் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கோலம் போடட்டுமா என்று நான் கேட்ட மாதிரி.

கோட்டை மாட்டின இடத்திலேயே மாட்டிவிட்டேன். டவல் இரண்டு பெட்டி வந்தது.

ஏப்ரல் 16

ராஜலக்ஷ்மி போன் பண்ணினாள். அவளும் கஸ்தூரிரங்கனும் பையனும் ஜூனில் ஒரேயடியாக ஊருக்குப் போகிறார்களாம். டிக்கெட் எடுத்தாகிவிட்டதாம். சொன்னதைச் செய்கிற ஒரு குடும்பமும் இருக்கும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. எங்கள் தமிழ்க்கூட்டம் முழுக்க ஆடிப்போயிருக்கிறது. எல்லாரும் பெருமையாகப் பேசுகிறார்கள், எல்லாருக்கும் வயிறு எரிகிறது.

இவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிறபோது சொன்னார்: "நம்மளும் போயிருக்கணும் பர்வதம்."

ஏப்ரல் 21. சனி

கஸ்தூரிரங்கன் வேகத்தைப் பார்த்து இவருக்கும் வேகம் வந்துவிட்டது. நியூயார்க்குக்கு டிரைவ் பண்ணிக்கொண்டு போய் மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் வாங்கி வந்திருக்கிறோம். 220 வோல்ட். ஊர் கரென்டுக்கு மட்டும்தான் ஓடும். இந்த வீட்டுப் பிளக்கில் 110. அதாவது, வீட்டில் இருக்கும் புது மிக்ஸியில் இந்த நாட்டில் சட்னி அரைக்க முடியாது. இதற்கு எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 28. சனி

குட்டி முதல் தடவையாக ஒரு சிநேகிதியை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பெயர் கேரன், முகமெல்லாம் புள்ளி, நல்ல பெண். நான் சமையலறையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். ஹாலில் பேசுவது கேட்டது.

"ஆர் யூ கைஸ் மூவிங்?" என்று கேட்டது அந்தப் பெண். பெட்டிகளைப் பார்த்திருக்கும்.

"யெஸ்," என்றாள் குட்டி.

"வென்?"

"ஐ டோன்ட் நோ. வீ ஹேவ் பீன் மூவிங் சின்ஸ் ஐ வாஸ் பார்ன்."

அவள் தமாஷுக்குச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். கேசரி அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் கொடுத்தேன், டப்பாவில். கேரன் "தேங்க் யூ, மிஸஸ் வாஞ்சி" என்று சொல்லிச் சாப்பிட்டது.

ஏப்ரல் 29

குட்டி இனிமேல் யாரையும் கூட்டி வரமாட்டாளாம். "இட்ஸ் ஓக்கே, அம்மா" என்கிறாள். என்ன ஓக்கே? ஒன்றும் ஓக்கே இல்லை.

மே 1

பிரித்துவிட்டேன்.

இவர் ஆபீஸ் போனதும் கத்தியை எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்குப் போனேன். இந்தக் குழந்தைக்குத் தட்டாவது இருக்கட்டும் என்றுதான் போனேன். முதலில் கைக்கு வந்தது தட்டு இல்லை, 1979-ஆம் வருஷத்துப் பெட்டி. உள்ளே மஞ்சள் ஃபிராக், விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. நாலு வயசுக் குழந்தைக்கு. நாத்தனார் பெண் நாகலக்ஷ்மிக்கு என்று வாங்கினது. கடையில் குட்டி அதைப் பிடித்துக்கொண்டு அழுதது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அது நாகுவுக்கும்மா" என்று விரலை விடுவித்து வாங்கிப் பெட்டியில் போட்டோம். நாகுவுக்கும் குட்டி வயசுதான், அவளுக்கும் இப்போது ஒன்பது. போட்டுக்கொள்ள யாரும் இல்லை. ரெண்டு குழந்தையும் போட்டுக்கலை, ரெண்டும் வளர்ந்தாச்சு, ஃபிராக் மட்டும் புதுசா இருக்கு, என்ன லாபம் இதுல? யாருக்கு லாபம்?

சாயங்காலம் இவர் வந்தபோது பேஸ்மென்டிலேயே உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் டவல், போர்வை, கரண்டி. கத்துவார் என்று நினைத்தேன். நானும் பதிலுக்குக் கத்தத் தயாராக இருந்தேன். இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டி பிரிச்சே?"

"இருக்கறதுக்குன்னா. மனுஷா மாதிரி இருக்கறதுக்கு."

"பிரிச்சுட்டா இங்கேயே இருந்துடுவோம், பர்வதம்."

"இப்ப மட்டும் எங்க இருக்கோம்?"

இவர் எழுந்து வந்து ஒவ்வொரு டவலாக மடித்து உள்ளே வைத்து டேப் ஒட்டினார். ஒரு பெட்டிக்கு மூன்று சுற்று. எனக்குச் சண்டை போட வந்ததெல்லாம் போய்விட்டது. கஞ்சத்தனம் என்று இத்தனை வருஷம் நினைத்தேன். பயம். இந்த மனுஷனுக்குப் பயம். ஃபிராக்கை மட்டும் நான் கொடுக்கவில்லை.

ஜூன் 10, ஞாயிறு

கஸ்தூரிரங்கன் குடும்பத்தைக் கென்னடி ஏர்போர்ட்டில் ஏற்றிவிட்டு வந்தோம். நேற்று விருந்தில் பத்துப் பேர் பேசினார்கள். "பண்பாடு" என்ற வார்த்தை புளியோதரையைவிட அதிகமாகப் பரிமாறப்பட்டது. பேசினவர்கள் எல்லாரும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள். கஸ்தூரிரங்கன் வீட்டுச் சாமானை எல்லாம் கராஜ் சேல் போட்டு விற்றுவிட்டார், கடைசிக் கரண்டி வரைக்கும். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் அடையார்ல பாப்போம்" என்றார். திரும்பி வரும்போது வழி பூரா பெருமூச்சு.

பிப்ரவரி 23, 1985. சனி

கஸ்தூரிரங்கன் குடும்பத்தோடு வந்துவிட்டார். விசிட் இல்லை. ஒரேயடியாக.

பழைய கம்பெனியிலேயே எடுத்துக்கொண்டார்களாம். வீடு கிடைக்கும்வரை எங்கள் வீட்டில். காரணம் கேட்டதற்கு "டஸ்ட்" என்கிறார் கஸ்தூரிரங்கன். ராஜலக்ஷ்மியும் "டஸ்ட் அலர்ஜி" என்கிறாள். தமிழ்க்கூட்டம் முழுக்க வந்து பார்த்துவிட்டு, "ஆமாமா, டஸ்ட்தான்" என்று தலையாட்டிவிட்டுப் போனது. எல்லார் முகத்திலும் என்ன ஒரு நிம்மதி! பண்பாட்டைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 9. சனி

மறுபடியும் ஸ்பிரிங் சேல். இந்த வருஷம் கூப்பன் வெட்டுகிறவர் கஸ்தூரிரங்கன். போன வருஷம் விற்றதை எல்லாம் திரும்பவும் வாங்க வேண்டும், கரண்டியிலிருந்து. எங்கள் காரில்தான் போனோம். அவர் டவலை மோந்தெல்லாம் பார்க்கவில்லை, கைக்கு வந்ததை வண்டியில் போட்டார். இவர் ஒன்றுமே வாங்கவில்லை. திரும்பும்போது இவர் மெதுவாகக் கேட்டார்.

"நிஜமா சொல்லு ரங்கா. டஸ்ட்தானா?"

கஸ்தூரிரங்கன் மடியிலிருந்த கரண்டிப் பையைக் கீழே வைத்தார்.

"எட்டு மாசம் இருந்தேன் வாஞ்சி. பார்த்தவா எல்லாரும் 'எப்போ திரும்பிப் போறேள்'னுதான் கேட்டா. என் தம்பிகூட. 'வந்துட்டியா, சந்தோஷம்'னு ஒருத்தர் சொல்லலை."

பின் சீட்டில் ராஜலக்ஷ்மி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் நாங்கள் திரும்ப வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டுவிட்டார்.

மார்ச் 30. சனி

அவர்கள் புது அபார்ட்மென்டுக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் பேஸ்மென்டில் டர்ரென்று சத்தம். போய்ப் பார்த்தால் இவர் டேப்பைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பெட்டி இல்லை, எல்லாப் பெட்டியும். என்னைப் பார்த்து, "எலி கிலி இருக்கான்னு பாத்தேன்" என்றார். எலிக்காக ஒருத்தர் டின்னர் செட்டைத் தேய்த்துக் கழுவி மேலே கொண்டு வைப்பாரா?

சாயங்காலம் மிக்ஸியையும் மாற்று பிளக் போட்டு ஓட்டிப் பார்த்தார். பாதிக் கரென்டில் அது தேங்காயைத் தடவிக் கொடுத்தது. ஒரு சட்னிக்குக் குட்டி ஹோம்வொர்க் முழுக்க முடித்துவிட்டாள். "அம்மா, இஸ் இட் டையிங்?" என்று கேட்டாள். இவர் சிரித்தார், நானும் சிரித்தேன், வயிறு வலிக்கும்வரை சிரித்தோம். தட்டில் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 6

புல் வெட்டும் மெஷின் வாங்கி வந்திருக்கிறார். இதை யாராலும் அடையாறுக்குக் கொண்டுபோக முடியாது.

ஏப்ரல் 13. சனி

அங்கே வருஷப் பிறப்பு விடிந்திருக்கும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மன்னார்குடிக்குப் போன் போட்டேன். எதிர்வீட்டு டாக்டர் வீட்டுப் போன், அம்மாவைக் கூப்பிட்டு வந்தார்கள். பாயசம் வைத்தாயா, கால்வலி எப்படி என்று கத்திக் கத்திக் கேட்டேன். அப்புறம் அம்மா எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

"அடுத்த வருஷம் வந்துடுவேளோன்னோ?"

ஒன்பது வருஷமாக "வந்துடுவோம்மா" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"இந்த ஜூலைலயே வரோம்மா. குட்டிக்கு லீவு விட்டதும்."

"ஜூலையா! டாக்டர் மாமி, பர்வதம் ஜூலைல வராளாம்!" என்று அந்த வீட்டையே கூட்டினாள்.

"ஒரு மாசம் இருப்போம்மா," என்றேன்.

லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது. போன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"அப்போ, திரும்பிப் போறதுக்கும் டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சும்மா." விசிட் தண்டம் என்றவரேதான் எடுத்து வந்தார்.

"சரி," என்றாள். இப்போது கத்தவில்லை. "சாமான் கீமான்னு ஒண்ணும் தூக்கிண்டு வராதே. நீங்க மூணு பேரும் வாங்கோ, போறும்."

போனை வைத்தேன். இவர் "என்ன சொன்னா?" என்று கேட்டார். "சந்தோஷப்பட்டா" என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் கேட்டதுதானே எல்லாம்? ஒரு வருஷமாக மனசுக்குள் சண்டை போட்டதும் இதற்குத்தானே? ஜெயித்தவள் அழுவாளா? புது டவலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.